சூப்புப் பாத்திரத்தில் வந்தவள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை ஏதோ குறி சொல்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பேய், பிசாசு, சாமி வந்து இறங்குவது என்று எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. எங்கள் குலசாமி கோவில் கொடை விழாவில் என் சொந்தச் சித்தப்பாவே அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஆடுவார், நான் அந்த நேரம் பார்த்து டீக்கடைப் பக்கம் நழுவிவிடுவேன். இருபத்தேழு வருடமாகத் தூத்துக்குடியில் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கப்பல் வந்தால் ஏறுவேன், காகிதம் வாங்குவேன், கஸ்டம்ஸ், இமிக்ரேஷன், ஹெல்த் என்று ஒவ்வொரு ஆபீஸ் படியாக ஏறி இறங்குவேன். ஒரு பொருள் காகிதத்தில் இருந்தால் உண்டு, காகிதத்தில் இல்லாவிட்டால் இல்லை, அப்படியே பழகிப்போன மூளை இது. ஆகவே நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

போன கோடையில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வந்தது. அதில் சமையல்காரர் லாசரோ, கியூபா நாட்டுக்காரர், வயது அறுபதைத் தாண்டும், நல்ல உயரம், நல்ல கருப்பு, நரைத்த சுருட்டை முடி. கப்பல் நிற்கும்போது அவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் திரும்பக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கப்பல் ஒரு சமையல்காரருக்காகக் காத்திருக்குமா, அது போய்விட்டது. ஆளும் ஆளுடைய சாமானும் என் தலையில் விழுந்தது. எங்கள் மேனேஜர், "ராஜு, ஒன் கெஸ்ட்டு, நீயே பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் ஊருக்குள் தங்க இமிக்ரேஷன் கொடுத்த அனுமதி பதினைந்து நாள். விமானத்தில் அனுப்ப வேண்டுமென்றால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். சர்டிபிகேட் கிடைத்தால் டிக்கெட் இல்லை, டிக்கெட் வந்தால் வழியில் இறங்கி மாறும் நாட்டுக்கு விசா இல்லை, விசாவுக்குக் கேட்டால் சர்டிபிகேட் பழசாகிவிட்டது என்கிறான். எவனிடம் போய் முட்டிக்கொள்வது? இதற்கு நடுவில் லாட்ஜ்காரன் போன் செய்கிறான்.

"அண்ணாச்சி, ஒங்க ஆளு விடியக்காலம் எந்திரிச்சி மணி அடிக்காரு. ரூமுக்குள்ள சுருட்டு ஊதுதாரு. ஒரு பீங்கான் பாத்திரத்தை வச்சிக்கிட்டு அதுகூடப் பேசிக்கிட்டே இருக்காரு. பக்கத்து ரூம்காரன் பயந்து காலி பண்ணிட்டான். தயவுசெஞ்சி கூட்டிட்டுப் போயிருங்க."

வேறு இரண்டு லாட்ஜில் கேட்டேன், அதற்குள் சேதி பரவியிருந்தது. வேறு வழியில்லாமல் மில்லர்புரத்தில் என் வீட்டு மாடி அறையில் கொண்டுவந்து வைத்தேன். என் மனைவி கனி சண்டைக்கு வருவாள் என்று நினைத்தால், பெயரைக் கேட்டதும் அவள், "லாசரா? நம்ம ஊருப் பேருதான," என்று சொல்லி அன்றைக்கே அவரை அண்ணாச்சி ஆக்கிவிட்டாள். எனக்கு அதுவும் எரிச்சல்தான்.

அவரிடம் ஒரு துணிப்பை, ஒரு மரப்பெட்டி. பெட்டியை வேறு யாரும் தொட விடமாட்டார். மாடிக்கு வந்ததும் அதைத் திறந்து ஒரு பாத்திரத்தை எடுத்தார். பெரிய ஓட்டல்களில் மேசைக்கு நடுவில் சூப்பு கொண்டுவந்து வைப்பார்களே, இரண்டு பக்கமும் பிடி, மேலே குமிழ் வைத்த மூடி, அந்த மாதிரி வெள்ளைப் பீங்கானில் நீலப் பூப் போட்ட பாத்திரம். எங்கள் இரும்பு மேசையில் நீலத் துணி விரித்து அதை வைத்தார். முன்னால் ஒரு துண்டு தர்பூசணி. அப்புறம் ஒரு சின்ன மணியை எடுத்து அடித்து, ஏதோ பாஷையில் குசலம் விசாரிக்க ஆரம்பித்தார். கனி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க ஊருல இந்தச் சாமிக்குக் கோவில் எங்கன இருக்கு?" என்று கேட்டாள். நான் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன். அவர் பேசுவது கப்பல் இங்கிலீஷ், எனக்கு அது பழக்கம்தான். அவர் சிரித்துக்கொண்டே கட்டிலையும் மேசையையும் கொடியில் தொங்கிய தன் பனியனையும் காட்டினார். நான் எங்கே தூங்குகிறேனோ அதுதான் கோவில் என்றார்.

அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினார். அவருடைய முன்னோர்களை ஆப்பிரிக்காவில் பிடித்து, சங்கிலி போட்டு, கப்பலில் கொண்டுவந்து கரும்புத் தோட்டத்தில் இறக்கியிருக்கிறார்கள். கொண்டுவந்த சாமிகளுக்குக் கோவில் கட்ட விடவில்லை, மாதா படத்தை மாட்டிக் கும்பிடு என்றார்கள். சரி என்று மாட்டிக்கொண்டார்கள். படத்துக்குக் கீழே அலமாரியில் ஒரு சூப்புப் பாத்திரம் இருந்தால் எந்த முதலாளி சந்தேகப்படப் போகிறான்? அதற்குள்தான் சாமி. ஆற்றிலும் கடலிலும் எடுத்த கல், சோழி, தண்ணீர். இன்றைக்கும் அங்கே வீடுதான் கோவில். முன்னறையில் சாமி, பக்கத்திலேயே அடுப்பு, பிள்ளைகள் படிப்பதும் அங்கேதான். ஒரு வீட்டுப் பாத்திரத்திலிருந்து இன்னொரு வீட்டுப் பாத்திரம் பிறக்குமாம், அதனால் தாய்வீடு, பிள்ளைவீடு என்று உறவுமுறையே உண்டு. இவர் கொண்டுவந்தது இவருடைய அம்மா வைத்திருந்தது. யெமாயா என்று பெயர், கடலுக்கே தாய் அவள்தான். இதிலிருந்து பிறந்த பாத்திரங்கள் இருபதுக்கு மேற்பட்ட வீடுகளில் இருக்கின்றன.

சரி, தாய்வீட்டுச் சாமியை எதற்குக் கப்பலில் தூக்கிக்கொண்டு அலைகிறீர் என்று கேட்டேன். ஹவானா துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் ரெக்ளா என்கிற ஊரில் அவர் வீடு. மழையில் கூரை இடிந்து விழுந்துவிட்டது. பாத்திரத்தில் ஒரு கீறல் விழவில்லை, ஆனால் வைக்க இடமில்லை. மகள் மரியேலா சினேகிதி வீட்டில் ஒண்டிக்கொண்டாள், இவர் யெமாயாவைப் பெட்டியில் வைத்துக் கப்பலுக்கு வந்துவிட்டார். நான்கு வருடம் அப்படியே ஓடியிருக்கிறது. இப்போது மகள் எப்படியோ இரண்டு அறையை எழுப்பிவிட்டாள். அலமாரிக்கு நீலப் பெயிண்ட்கூட அடித்தாகிவிட்டது. பிள்ளைவீட்டுக்காரர்கள் எல்லாரும் காத்திருக்கிறார்கள். யெமாயா வந்து உட்கார்ந்தால்தான் அது மறுபடியும் கோவில், இல்லாவிட்டால் வெறும் இரண்டு அறைதான் என்றார். அவருக்கு நெஞ்சுவலியைப் பற்றிக் கவலையே இல்லை, கவலையெல்லாம் அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் பற்றித்தான்.

எங்களிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. மூடியை யாரும் திறக்க வேண்டாம், அதற்கென்று முறைப்படி தலையில் சாமி ஏற்றுத் தீட்சை வாங்கியவர்கள்தான் உள்ளே பார்க்கலாம். இதை நான் காதால் கேட்டேன், தலையையும் ஆட்டினேன். அதை மறைக்க மாட்டேன்.

கடைசியில் ஒரு வழியாக எல்லாம் கூடிவந்தது. டிக்கெட் வெள்ளிக்கிழமை சாயங்காலம். அனுமதி சனிக்கிழமையோடு முடிகிறது. புது சர்டிபிகேட்டுக்காக செவ்வாய்க்கிழமை அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன், இரண்டு நாள் வைத்துப் பார்ப்பார்கள். கனி அன்றைக்கு ஏரலில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து அவருடைய சாமானுக்குப் பட்டியல் எழுத ஆரம்பித்தேன். சட்டை நாலு, சமையல் கத்தி ஒன்று, ரேடியோ ஒன்று. மரப்பெட்டி வந்ததும் பேனா நின்றுவிட்டது.

இருபத்தேழு வருடத்தில் திறந்து பார்க்காத பெட்டிக்கு நான் பட்டியல் எழுதியதில்லை. எனக்கு அது ஒரு திமிர் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்துப் போட்ட பட்டியலில் ஒரு பொருள் கூடியோ குறைந்தோ இருந்ததாக எந்த ஆபீசரும் சொன்னது கிடையாது. எப்படியும் ஏர்போர்ட்டில் திறக்கத்தான் போகிறான், அங்கே அந்த மனுஷனை நிறுத்திவைத்து அவமானப்படுத்துவதைவிட நாமே பார்த்து எழுதிவிடலாம், அவருக்கு நல்லதுதானே செய்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாத்திரத்தை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் மூடியைத் திறந்தேன்.

உள்ளே விளிம்பு வரைக்கும் பழைய கடல் தண்ணீர். ஒரு வாடை. கையை விட்டுத் துழாவினேன். வழவழப்பான கருப்புக் கல் ஏழு, சோழி பதினெட்டு, ஈயத்தில் செய்த விரல் நீள நங்கூரம் ஒன்று. எழுதிக்கொண்டேன். தண்ணீரை விமானத்தில் ஏற்ற விட மாட்டார்கள், அதனால் மாடித் தூம்பில் கொட்டிவிட்டேன். கல்லையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, பாத்திரத்தையும் கழுவித் துடைத்து, தெர்மாகோல் வைத்து, ஆடாமல் அசையாமல் பேக் செய்தேன். வேலை கச்சிதமாக முடிந்த திருப்தியில் மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

சாயங்காலம் கனி வந்தாள். வந்ததும் கேனில் தண்ணீர் பிடித்து வாயில் வைத்தவள் அப்படியே துப்பினாள். "ஏங்க, என்ன தண்ணி வாங்கி வச்சிருக்கிய? இப்படிக் கரிக்குது!" என்றாள். கனி தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள், தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் அலட்டுவாள், அதனால் நான் கண்டுகொள்ளவில்லை. பிறகு நான் குடித்தேன். கடலில் முங்கும்போது வாயில் போகுமே, அதே உப்பு.

தண்ணி போடுகிற சுடலைக்கு போன் செய்து கத்தினேன். அவன் ராத்திரியே வேறு கேன் கொண்டுவந்து வைத்தான், அதுவும் உப்பு. மறுநாள் காலையில் இன்னொன்று, அதுவும் உப்பு. கடையில் சீல் வைத்த பாட்டில் வாங்கி வந்தேன், என் கையால் திருகித் திறந்தேன், உப்பு. சமைத்த சோறு வாயில் வைக்க முடியவில்லை. குழாய்த் தண்ணீராவது அரை உப்பு என்று நமக்குத் தெரியும், சீல் வைத்த பாட்டில் எப்படிக் கரிக்கும்? சுடலைக்கும் கோபம் வந்துவிட்டது. தெருவே கேட்கிற மாதிரி சண்டை.

"அண்ணாச்சி, இருவது வீட்டுக்கு இதே லாரித் தண்ணிதான் போடுதேன். ஒருத்தரும் குறை சொல்லல. ஒங்க நாக்குல என்ன கோளாறோ!"

அவன் சட்டைப்பையிலிருந்து தண்ணீர் சோதிக்கிற மீட்டரை எடுத்தான். கேட்டுக்கு வெளியே வண்டியில் இருந்த கேனில் ஒரு டம்ளர் பிடித்து மீட்டரை வைத்தான், நல்ல தண்ணீர் என்று காட்டியது. அவன் ஒரு வாய் குடித்தான், நான் ஒரு வாய் குடித்தேன், இனித்தது. அதே டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தேன். மீட்டரில் அதே எண், கொஞ்சம்கூட மாறவில்லை. வாயில் வைத்தேன், உப்பு. சுடலையும் உள்ளே வந்து குடித்துப் பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நீங்கள் இதற்கு ஏதாவது காரணம் சொல்வீர்கள், நானும் நூறு காரணம் யோசித்துவிட்டேன், ஒன்றும் அந்த நிலைப்படிக்குப் பொருந்தவில்லை.

வியாழக்கிழமை காலையில் லாசரோவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தேன். சர்டிபிகேட் கையில். மாடிக்குப் போனார், பெட்டியைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கினார், தண்ணீரின் கனம் இல்லை. அவ்வளவுதான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன், ஏர்போர்ட், விதிமுறை, திரவப் பொருள் என்று. அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதார். நெஞ்சுவலிக்காரரை இப்படிப் பார்க்க எனக்குப் பதறிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கனியிடம் ஒரு தேங்காய் கேட்டார். உடைத்து, பருப்பில் நான்கு சில்லு எடுத்தார். அவர்களுக்குக் குறி கேட்கிற வழி அது. நாலு சில்லையும் தரையில் போட வேண்டும். வெள்ளைப் பக்கமும் கருத்த தோல் பக்கமும் எப்படி விழுகிறது என்பதில் பதில். இரண்டு வெள்ளை இரண்டு கருப்பு விழுந்தால் உறுதியாக ஆமாம். நாலும் கருப்பாக விழுந்தால் அதைவிட மோசமில்லை. பாத்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, இதற்குள் இருக்கிறாயா என்று கேட்டுப் போட்டார். நாலும் கருப்பு. மறுபடி கேட்டார், நாலும் கருப்பு. கடைசியாக, இந்த வீட்டில் இருக்கிறாயா என்று கேட்டுப் போட்டார். இரண்டு வெள்ளை, இரண்டு கருப்பு.

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் கனி பிடித்துக்கொண்டாள். "அப்ப அவதான் வீட்டுக்குள்ள நிக்கா. அதான் தண்ணி கரிக்குது. ஏங்க, என்ன காரியம் செஞ்சிய? அவரு தொடாதன்னுதான சொன்னாரு?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏளா, நீ வேற சும்மா கெட. இங்க ஒருத்தன் நாய் மாதிரி அலைஞ்சி டிக்கெட் போட்டு வச்சிருக்கேன், தேங்காய்ச் சில்லு பேசுதுங்காக!" என்று கத்தினேன்.

லாசரோ அமைதியாகச் சொன்னார், நான் நாளைக்குப் போகமாட்டேன், வெறும் பாத்திரத்தை என் மகள் கையில் கொடுக்க முடியாது என்று. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சனிக்கிழமை தாண்டினால் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுவீர், போலீஸ் வரும், என் வேலையும் போகும் என்றேன். உனக்கு வேலை போகும், எனக்கு என் அம்மா போய்விட்டாள் என்றார்.

அன்று சாயங்காலம் மரியேலா வீடியோவில் அழைத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். புது அறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள், நீல அலமாரி, அதன் நடுத் தட்டு காலியாக இருந்தது, யாரோ ஒரு கிழவி அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் எதையோ கேட்டாள், யெமாயாவைக் காட்டு என்று கேட்டிருக்க வேண்டும். இவர் போனைத் தன் முகத்துக்கு வெகு அருகில் பிடித்துக்கொண்டு, சிரித்து, தலையை ஆட்டி, ஏதோ பொய் சொல்லிச் சமாளித்தார். பொய்தான் என்று பாஷை தெரியாத எனக்கே புரிந்தது. அவமானமாக இருந்தது. போனை வைத்ததும் அவர் முன்னால் போய் உட்கார்ந்து, சரி, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

கொட்டினவனே கொண்டுவர வேண்டும் என்றார். விடிந்ததும் கடலுக்குப் போய், குடத்தில் தண்ணீர் மொண்டு, வீட்டுக்கு வந்து பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். குடம் தண்ணீரில் பட்டதிலிருந்து பாத்திரத்தில் ஊற்றும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு சொல்கூடக் கூடாது. கனிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. என் வாயைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் திரேஸ்புரம் கரைக்குப் போனோம். வள்ளங்களுக்கு நடுவில் முழங்கால் அளவுக்கு இறங்கி எவர்சில்வர் குடத்தை முக்கினேன். அதற்கென்றே காத்திருந்த மாதிரி, வாயைத் திறக்க வைக்கிற தொல்லை ஒவ்வொன்றாக வந்தது. வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "என்ன அண்ணாச்சி, வீட்டுல விசேஷமா, வேற ஏதாவதா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். கனி பின்னால் உட்கார்ந்து குடத்தை மடியில் வைத்துக்கொண்டாள். சட்டைப்பையில் போன் அடிக்க ஆரம்பித்தது, மேனேஜர். விடாமல் அடிக்கிறார். ரெண்டாம் கேட்டில் ரயிலுக்கு மூடிவிட்டார்கள். நிற்கிற நேரத்தில் ஒரு ஆட்டோக்காரன் பின்னால் வந்து இடித்தான், குடம் தளும்பி என் முதுகு நனைந்தது. அவனே இறங்கி வந்து, "ஏலே, நடுரோட்டுல குடத்த வச்சி என்ன படம் காட்டுதே? கண்ணு தெரியலயா?" என்று கத்துகிறான். இடித்தது அவன்! என் வாழ்க்கையில் அப்படி ஒரு பேச்சை வாங்கிக்கொண்டு நான் சும்மா நின்றது கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கனி பின்னாலிருந்து என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் லாசரோ கல்லையும் சோழியையும் பாத்திரத்தில் அடுக்கி வைத்துக் காத்திருந்தார். நான் ஊற்றினேன். அவர் மணியடித்துப் பாடினார், வெகு நேரம் பாடினார். அப்புறம் சில்லைப் போட்டார். இரண்டு வெள்ளை, இரண்டு கருப்பு. அவர் நெற்றியைத் தரையில் வைத்துக் கிடந்தார். அதே நேரம் கீழேயிருந்து கனி கத்தினாள், "ஏங்க, தண்ணி தண்ணியா இருக்கு!" நான் ஓடிப் போய்க் குடித்தேன். அதே கேன், மூன்று நாளாகக் கரித்த அதே கேன். இனித்தது. இரண்டு டம்ளர் நின்றபடியே குடித்தேன்.

மேலே வந்து பார்த்தால் அவர் பாத்திரத்துத் தண்ணீரை மெதுவாகக் குடத்திலேயே திரும்ப ஊற்றிக்கொண்டிருக்கிறார்! கல்லை ஈர நீலத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். பயணத்தில் ஈரத்துணி போதும், நான்கு வருடமாகக் கப்பல் மாறும்போதெல்லாம் அப்படித்தான் கொண்டுபோகிறேன், இந்தத் தண்ணீரைச் சாயங்காலம் கடலிலேயே விட்டுவிடுங்கள் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமாம்.

வாகைக்குளம் ஏர்போர்ட்டில் இன்னொரு கூத்து. பெட்டி எக்ஸ்ரேயில் போனது. ஆபீசர் திரையைப் பார்த்தார், என்ன இது என்றார், பூஜைச் சாமான் சார் என்றேன், போகலாம் என்று கையைக் காட்டினார். கல் ஏழு, சோழி பதினெட்டு என்று நான் பாவத்தைச் சுமந்து எழுதின பட்டியல் என் கையிலேயே இருந்தது, அதை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. லாசரோ என்னைக் கட்டிப்பிடித்தார், கனிக்குக் கும்பிடு போட்டார், போய்விட்டார். அப்பாடா என்று இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மரியேலாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவும், கீழே இங்கிலீஷில் நீளமாகக் கொஞ்சம் எழுத்தும் வந்தது. பிள்ளைவீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்தார்களாம், மேளம் வைத்தார்களாம், யெமாயா இறங்கிவிட்டாளாம், பேக்கரியில் வேலை பார்க்கும் ஒரு பெண்மேல். ஆனால் வந்தவள் ஸ்பானிஷும் பேசவில்லை, அவர்களுடைய பழைய ஆப்பிரிக்கப் பாஷையும் பேசவில்லை. இது உங்கள் வீட்டில் கேட்ட பேச்சு மாதிரி இருக்கிறது என்கிறார் அப்பா. அவள் கோபமாக வந்தாளா, சந்தோஷமாக வந்தாளா என்று தெரியாமல் எல்லாரும் பயந்துபோயிருக்கிறோம், என்ன சொன்னாள் என்று தயவுசெய்து சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள்.

பதிவைப் போட்டேன். மேளம், பாட்டு, கூட்டத்தின் சத்தம். திடீரென்று எல்லாம் நிற்கிறது. ஒரு பெண் மூச்சு வாங்குகிறாள், சிரிக்கிறாள், நல்ல பெருஞ்சிரிப்பு. அப்புறம் சொல்கிறாள்.

"எனக்கு வீடு இருக்குலே."

வெளிநாட்டுக்காரி தமிழைக் கடித்துப் பேசுகிற மாதிரி இல்லை. நம் மார்க்கெட்டில் மீன்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி சொல்கிற மாதிரி, தெளிவாக, சாவகாசமாக. லாசரோதான் சொல்லிக்கொடுத்திருப்பார் என்று நீங்கள் சொல்வீர்கள், என் மச்சினனும் அதைத்தான் சொன்னான். லாசரோவுக்குத் தெரிந்த தமிழ் தண்ணி, சரி, போதும், இந்த மூன்றுதான். சரி, நம் பேச்சைக் கேட்டு ரகசியமாகப் படித்துக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உங்களிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

அன்றைக்கு மொட்டைமாடியில் அந்தத் தண்ணீரைக் கொட்டும்போது வாடை தாங்க முடியவில்லை, அத்தனை நாள் அலைந்த எரிச்சல் எல்லாம் சேர்ந்துகொண்டது. பாத்திரத்தைத் தூம்பில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, "வீடு வாசல் இல்லாத சனியனே, ஊர் ஊராச் சுத்திட்டு எங்க வீட்டுக்குத்தான் வரணுமா, போ," என்று வாய்விட்டுத் திட்டினேன். லாசரோ அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார், கனி ஏரலில் இருந்தாள், பக்கத்து மாடிகளில் அந்த வெயிலில் காக்காய்கூட இல்லை.

மரியேலாவுக்குப் பதில் எழுதினேன். சந்தோஷமாகத்தான் வந்திருக்கிறாள், தனக்கு வீடு இருக்கிறது என்று சொல்கிறாள் என்று எழுதினேன். அங்கே எல்லாரும் அழுதுவிட்டார்களாம், அப்பா மட்டும் சிரித்துக்கொண்டே இருக்கிறார் என்று எழுதினாள்.

கனி என் கையிலிருந்து போனை வாங்கி நாலைந்து தடவை போட்டுக் கேட்டாள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்.

"ஏங்க, எனக்கு வீடு இருக்குலேன்னு யாருக்கோ பதில் சொல்லுத மாதிரில்லா சொல்லுதா. இல்லைன்னு அவகிட்ட யாரு சொன்னா?"

எனக்கென்ன தெரியும் என்றேன். வருடம் ஒன்று ஆகப்போகிறது, இன்னமும் அவளிடம் சொல்லவில்லை.